தீர்த்துவிட்டோம் என்று எழுதிக் கொடுத்தால் போதாது: விவாகரத்துக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

என் பெரியம்மா மகளை, எனக்கு அக்கா முறை, ஊர்ப் பெரியவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் வைத்துத் தீர்த்துவிட்டார்கள். 20 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் "இன்று முதல் நாங்கள் கணவன் மனைவி இல்லை, ஒருவர் மேல் ஒருவர் எந்தப் பாத்தியமும் கோர மாட்டோம், ஜீவனாம்சமும் கேட்க மாட்டேன்" என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, நாலு பேர் சாட்சி போட்டு, நகையில் பாதியை ஒரு துணிப்பையில் கொடுத்து அனுப்பினார்கள். மூன்று வயதுப் பெண் குழந்தையோடு அக்கா பிறந்த வீடு வந்து சேர்ந்தாள், அதோடு முடிந்தது என்று நம்பினாள். நாலு வருஷம் கழித்து வேறு வரன் கூடி வந்தபோது, மாப்பிள்ளை வீட்டார் கோர்ட் தீர்ப்பைக் காட்டச் சொன்னார்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நாங்கள் ஒரு வக்கீலிடம் போனோம். அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "நீங்கள் இன்னமும் அவருக்கு மனைவிதான் அம்மா" என்றார்.

அப்புறம் மூன்று வருஷம் கோர்ட் வராண்டா. நான் வக்கீல் இல்லை, வாய்தாவுக்கு வாய்தா அவளோடு போய் உட்கார்ந்திருந்தவள், அவ்வளவுதான். அங்கே பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்களும் ஆண்களும் சொன்னதைக் கேட்டபோது ஒன்று புரிந்தது: பெரும்பாலானவர்கள் நஷ்டப்பட்டது கோர்ட்டுக்குள் இல்லை, கோர்ட்டுக்கு வருவதற்கு முந்தைய முதல் சில வாரங்களில், தெரியாமல் போட்ட கையெழுத்திலும், எடுக்காமல் விட்டு வந்த காகிதத்திலும், திருப்பி அனுப்பிய தபாலிலும்தான். அந்த முதல் வாரங்களில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு நடைமுறையை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். உங்கள் வழக்குக்கு உங்கள் வக்கீல் சொல்வதுதான் கடைசிப் பேச்சு, ஆனால் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

முத்திரைத்தாள் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பஞ்சாயத்தில் எழுதியது, மகளிர் காவல் நிலையத்தில் "பிரிந்து வாழ்கிறோம்" என்று எழுதிக் கொடுத்தது, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்ட விடுதலைப் பத்திரம், இவை எதுவும் விவாகரத்து ஆகாது. இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு, சில சமூகங்களில் வழிவழியாக இருக்கும் வழக்கப்படியான மணமுறிவை ஏற்கிறது என்பது உண்மை. ஆனால் அப்படி ஒரு வழக்கம் உங்கள் சமூகத்தில் நெடுங்காலமாக உண்டு என்பதை நீங்கள்தான் கோர்ட்டில் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும், அது லேசுப்பட்ட காரியம் இல்லை. தாளை நம்பி மறுமணம் செய்தால் அந்த இரண்டாவது திருமணம் செல்லாது, அதோடு முதல் துணை புகார் கொடுத்தால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.) 82ஆவது பிரிவில் 7 வருஷம் வரை சிறைத் தண்டனைக்கு இடம் இருக்கிறது. பெரியவர்கள் பேசி முடித்து வைத்தது வீண் என்று சொல்லவில்லை. பேசி முடித்ததை அப்படியே பரஸ்பர சம்மத மனுவாக எழுதிக் கோர்ட்டில் போடுங்கள், அந்த ஒரு படியைத்தான் எங்கள் வீட்டில் விட்டுவிட்டார்கள்.

உங்கள் திருமணம் எந்தச் சட்டத்தில் வருகிறது?

சாதாரணக் கேள்விதான், ஆனால் மனுவின் முதல் வரியே இதுதான். இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்களுக்கு 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம். தாலி, ஐயர் எதுவும் இல்லாமல் மாலை மாற்றிச் செய்த சுயமரியாதைத் திருமணமும் இதில்தான் வரும், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த திருத்தத்தால் சேர்ந்த 7ஏ பிரிவு அது. கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம். முஸ்லிம் பெண்கள் கோர்ட் மூலம் விவாகரத்துக் கேட்க 1939ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வேறு வேறு மதத்தவர் பதிவு அலுவலகத்தில் செய்துகொண்டது பெரும்பாலும் 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். இரண்டு பேரும் இந்துவாக இருந்தும் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்திருந்தால் மனுவும் அந்தச் சட்டத்தில்தான் போக வேண்டும், அதனால் உங்கள் திருமணச் சான்றிதழை எடுத்து மேலே எந்தச் சட்டத்தின் பெயர் அச்சாகி இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

கிறிஸ்தவ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. திருச்சபை நீதிமன்றம் உங்கள் திருமணம் செல்லாது என்று தீர்ப்புக் கொடுத்தாலும் அது சபைக்குள் மட்டும்தான் செல்லும், அரசுச் சட்டப்படி நீங்கள் திருமணமானவர்தான், இதை உச்ச நீதிமன்றம் 1996லேயே சொல்லிவிட்டது. பரஸ்பர சம்மதத்துக்கு 1869ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஏ பிரிவில் 2 வருஷம் பிரிந்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2010ல் அதை 1 வருஷமாகக் குறைத்துப் படித்தது. உங்கள் கோர்ட்டில் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முஸ்லிம் பெண்களிடம் சொல்ல வேண்டியது: ஒரே மூச்சில் மூன்று முறை சொல்லும் தலாக் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது, 2019ல் அது தண்டனைக்குரிய குற்றமாகவும் ஆகிவிட்டது, வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் அதே கதைதான். குலா, அதாவது மனைவி தானே கேட்டுப் பெறும் மணவிலக்கு, கேட்கும் பெண்கள் தனியார் ஷரீஅத் கவுன்சில் கொடுக்கும் சான்றிதழோடு நின்றுவிடக் கூடாது, குடும்ப நீதிமன்றத்துக்கு வர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023ல் சொல்லியிருக்கிறது.

வக்கீலைப் பார்ப்பதற்கு முன்

வீட்டில் அடி உதை இருந்தால் கீழே சொல்லும் காகிதமெல்லாம் அப்புறம், முதலில் உயிர். 181 என்ற எண்ணுக்கு அழையுங்கள். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் ஒவ்வொரு மாவட்டத்திலும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், சமூக நல அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். அவர் உங்கள் புகாரை எழுதி மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு அனுப்புவார். பலருக்குத் தெரியாத விஷயம், வீடு உங்கள் பெயரில் இல்லாவிட்டாலும், மாமனார் பெயரில் இருந்தாலும்கூட, நீங்கள் குடும்பமாக வாழ்ந்த வீடு என்றால் உங்களை அங்கிருந்து வெளியேற்றக் கூடாது என்று கோர்ட் உத்தரவு வாங்கலாம். 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. "என் அப்பா வீடு, வெளியே போ" என்று சொன்னதும் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிட்ட பெண்களை நான் வரிசையாகப் பார்த்தேன். ஆபத்து இருந்தால் கிளம்புங்கள், கண்டிப்பாகக் கிளம்புங்கள், ஆனால் உரிமை போய்விட்டது என்று நினைக்காதீர்கள்.

சரி, காகிதத்துக்கு வருவோம். கல்யாணப் பத்திரிகை, தாலி கட்டும் நேரத்துப் போட்டோ இரண்டு, திருமணச் சான்றிதழ் இருந்தால் அது, இரண்டு பேருடைய ஆதார் நகல், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த வீட்டின் முகவரிக்கு ஏதாவது ஓர் ஆதாரம். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணத்தையும் பதிவு செய்ய வேண்டும், ஆனால் பதிவு செய்யவில்லை என்பதாலேயே விவாகரத்து மனு போட முடியாது என்று இல்லை, பத்திரிகையும் போட்டோவும் சாட்சியும் வைத்து நிரூபிக்கலாம். துணையின் சம்பளச் சீட்டு, வங்கிப் பாஸ்புக், நிலப் பட்டா, வண்டி ஆர்.சி. இவற்றின் நகலோ போன் படமோ கையில் இருந்தால் ஜீவனாம்ச வழக்கில் பாதி வேலை முடிந்த மாதிரி, இல்லாவிட்டால் "எனக்கு வருமானமே இல்லை" என்று எதிர்த்தரப்பு சொல்லும்போது வெறும் வாயால்தான் மறுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

நகையும் சீர்வரிசையும் தனி. கல்யாணத்தின்போதும் அதற்கு முன்னும் பின்னும் பெண்ணுக்கென்று கொடுத்த நகை, பாத்திரம், பணம் எல்லாம் சீதனம், அதற்கு அவள் ஒருத்திதான் சொந்தக்காரி. கணவர் வீட்டில் பீரோவில் பூட்டி வைத்திருந்தாலும் சொந்தம் மாறாது, கேட்டும் தராமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடிக் குற்றமாகும் என்று 1985லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் கோர்ட்டில் "50 பவுன் போட்டோம்" என்று பொதுவாகச் சொன்னால் எடுபடாது. எந்தக் கடை பில், எத்தனை கிராம், எந்தப் போட்டோவில் கழுத்தில் தெரிகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அக்காவுக்கு மீதிப் பாதி நகை திரும்பி வந்ததற்குக் காரணம் பெரியப்பா இத்தனை வருஷமாகத் தூக்கிப் போடாமல் வைத்திருந்த பில்தான்.

போனில் இருக்கும் எதையும் கோபத்தில் அழிக்காதீர்கள். வாட்ஸ்அப் பேச்சு, குரல் பதிவு எல்லாம் சாட்சியமாகும். கணவன் மனைவி பேசியதை ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் திருமண வழக்கில் அதைத் தாக்கல் செய்யலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் ஸ்கிரீன்ஷாட்டைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தால் மட்டும் போதாது, புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி அதற்கொரு சான்றிதழ் இணைக்க வேண்டும், மூலப் பதிவு இருக்கும் அந்த போனையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். போன் மாற்றி எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு வந்து அழுத ஒருவரைப் பார்த்தேன். இன்னொன்று, உங்கள் சண்டையை ஸ்டேட்டஸிலும் ஃபேஸ்புக்கிலும் போடாதீர்கள், அது எதிர்த்தரப்புக்கு நீங்களே கொடுக்கும் சாட்சியம்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று நிற்க வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் யாராக இருந்தாலும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் கேட்க 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் உரிமை கொடுக்கிறது. மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், தாலுகாவில் வட்டக் குழு இருக்கும், 15100க்கும் அழைக்கலாம். சொந்தமாக வக்கீல் வைத்தால் மொத்தக் கட்டணமா, வாய்தாவுக்கு இவ்வளவா என்று முதல் நாளே கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், தாக்கல் செய்யும் ஒவ்வொரு மனுவிலும் ஒரு நகல் வாங்கி உங்கள் ஃபைலில் வையுங்கள். வழக்குக்கு எண் விழுந்ததும் உங்கள் வழக்குக்கென்றே கொடுக்கும் 16 இலக்க அடையாள எண்ணான சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்குங்கள், இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா என்றைக்கு, இன்று என்ன நடந்தது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். எங்களுக்கு இது தெரிந்தபோது ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது.

இரண்டு பேரும் ஒத்துப்போனால்

பரஸ்பர சம்மதம்தான் இருப்பதிலேயே குறைந்த வலி உள்ள வழி. இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவு. மூன்று விஷயம் வேண்டும்: குறைந்தது 1 வருஷம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், இனிச் சேர்ந்து வாழ முடியாது என்ற நிலை, பிரிவதற்கு இருவரின் சம்மதம். பிரிந்து வாழ்வது என்றால் வேறு வேறு வீட்டில் இருக்க வேண்டும் என்று இல்லை, ஒரே கூரையின் கீழ் கணவன் மனைவியாக வாழாமல் இருந்ததும் கணக்குதான்.

இருவரும் சேர்ந்து ஒரே மனு போடுகிறீர்கள். அதன்பின் 6 மாதம் காத்திருந்து, 18 மாதத்துக்குள் மறுபடியும் இருவரும் கோர்ட்டில் நின்று சம்மதம் சொல்ல வேண்டும், அப்போதுதான் தீர்ப்பு. அந்த 6 மாதம் கட்டாயம் இல்லை, சூழ்நிலையைப் பார்த்துக் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்று 2017ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. முதல் மனு போடுவதற்கு முன்பே ஒன்றரை வருஷத்துக்கு மேல் பிரிந்திருந்து, சமரச முயற்சி தோற்று, ஜீவனாம்சம், பிள்ளை, நகை எல்லாவற்றையும் பேசி முடித்திருந்தால் தள்ளுபடி மனு போடச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள்.

இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள்: தீர்ப்பு வரும்வரை எந்தத் தரப்பும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், 1991லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் முதல் மனு அன்றே முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள், முழுப் பணமும் வராமல் எல்லா வழக்கையும் வாபஸ் வாங்கிவிடவும் வேண்டாம். பாதி முதல் மனுவின்போது, பாதி இரண்டாம் கையெழுத்தின்போது, அதுவும் டி.டி.யாகக் கோர்ட் முன்னால் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். எழுதும்போது ஒன்றையும் மொட்டையாக விடாதீர்கள். "பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுதாமல் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எங்கே, கோடை விடுமுறையில் எத்தனை நாள், பள்ளிக் கட்டணம் யார், எந்தத் தேதிக்குள், எந்த வங்கிக் கணக்கில் என்று எழுதுங்கள். நாளைக்கு ஒருவர் மீறினால் கோர்ட் பார்க்கப்போவது அந்த வரியைத்தான்.

ஒத்துப்போகாவிட்டால்

காரணம் காட்ட வேண்டும், "பிடிக்கவில்லை" என்பது காரணம் ஆகாது. இந்து திருமணச் சட்டத்தின் 13ஆவது பிரிவில் உள்ளவை: திருமணத்துக்கு வெளியே உடலுறவு, கொடுமை, 2 வருஷம் தொடர்ந்து கைவிட்டது, மதம் மாறியது, தீராத மனநோய், தொற்றும் பால்வினை நோய், துறவு, 7 வருஷமாக உயிரோடு இருப்பதாகத் தகவலே இல்லாதது. நடைமுறையில் பெரும்பாலும் கொடுமையும் கைவிட்டதும்தான். கொடுமை என்பது அடி மட்டும் இல்லை, மனரீதியான கொடுமையும் சேரும், 2007ல் உச்ச நீதிமன்றம் அதற்கு உதாரணங்களைப் பட்டியலாகவே கொடுத்தது. ஆனால் அன்றாடச் சின்னச் சண்டை சேராது. "திருமணம் மீளமுடியாமல் முறிந்துவிட்டது" என்பதைக் காரணமாக்கிக் கலைக்கும் அதிகாரம் அரசியல் சட்டத்தின் 142ஆவது பிரிவுப்படி உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும்தான், 2023 மே மாதத் தீர்ப்பு அது. உங்கள் ஊர்க் குடும்ப நீதிமன்றத்தில் அதைக் கேட்க முடியாது.

கல்யாணமாகி 1 வருஷத்துக்குள் விவாகரத்து மனு போட முடியாது, மிக அசாதாரணமான துன்பம் இருந்தால் தனி அனுமதி கேட்கலாம். துணைக்கு ஆண்மைக் குறைவு இருந்தது, ஏமாற்றி மணம் முடித்தார்கள் என்றால் 12ஆவது பிரிவில் திருமணத்தையே செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். ஏமாற்று என்றால் அது தெரிந்த நாளிலிருந்து, வற்புறுத்தல் என்றால் அது நின்ற நாளிலிருந்து 1 வருஷத்துக்குள் போட வேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.

எங்கே போடுவது? கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், எதிர்த்தரப்பு இருக்கும் ஊர், இவை எல்லாருக்கும். மனு போடுவது மனைவி என்றால் அவள் இப்போது இருக்கும் ஊரிலேயே போடலாம், 2003ல் வந்த திருத்தம். குடும்ப நீதிமன்றம் இருக்கும் ஊரில் அங்கே, இல்லாத ஊரில் சார்பு நீதிமன்றத்தில்.

நோட்டீஸ் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், எங்களுக்கு ஒரு வருஷம் வீணானது இதில்தான். அக்காவின் மனுவில் அவருடைய பழைய முகவரியைப் போட்டுவிட்டோம். அவர் அங்கே இல்லை, வரவில்லை, ஒருதலைப்பட்சமாக விவாகரத்துத் தீர்ப்பு வந்தது, வீட்டில் பாயசம் வைத்தோம். ஐந்து மாதம் கழித்து அவர் வந்து, எனக்கு நோட்டீஸே வரவில்லை, தெரிந்ததே இப்போதுதான் என்று மனு போட்டார், தீர்ப்பு ரத்தானது, வழக்கு மறுபடி முதலிலிருந்து. மனுதாரர் என்றால் எதிராளியின் இப்போதைய முகவரி, வேலை செய்யும் இடம், போன் எண் எல்லாம் சரிபார்த்துக் கொடுங்கள். ஒருதலைத் தீர்ப்பு கையில் இருக்கிறது என்று உடனே கல்யாணத் தேதி குறிக்காதீர்கள்.

நீங்கள் எதிர்மனுதாரர் என்றால், கோர்ட் தபாலை வாங்க மறுப்பதால் வழக்கு நிற்காது, மறுத்தாலும் சேர்ப்பித்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். வாங்குங்கள், அன்றைய தேதியில் போய் நில்லுங்கள், வக்கீல் வைத்து எதிருரை, அதாவது மனுவுக்கு எழுத்தில் பதில், போடுங்கள். ஒருதலைத் தீர்ப்பு ஆகிவிட்டால் தீர்ப்புத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் ரத்து மனு, நோட்டீஸ் முறைப்படி சேரவே இல்லை என்றால் தெரிந்த நாளிலிருந்து 30 நாள். வெறும் வக்கீல் நோட்டீஸ் மட்டும் வந்திருந்தால் அது வழக்கு இல்லை, ஆனாலும் பதில் அனுப்பிவிடுங்கள், பேசாமல் இருந்ததைப் பின்னால் ஒத்துக்கொண்டதாகத் திருப்புவார்கள். "சேர்ந்து வாழ வர வேண்டும்" என்று 9ஆவது பிரிவில் மனு வந்தாலும் அலட்சியம் வேண்டாம், அதில் தீர்ப்பாகி 1 வருஷம் சேராமல் இருந்தால் அதுவே விவாகரத்துக்குக் காரணமாகிவிடும்.

மற்றபடி கவுன்சலிங், சமரச மையம், எதிருரை, நிரூபண வாக்குமூலம் (உங்கள் சாட்சியத்தை எழுத்தில் பிரமாணமாகக் கொடுப்பது), குறுக்கு விசாரணை, வாதம், தீர்ப்பு என்று போகும். சமரச மையத்தைக் கடமைக்குப் போய் வரும் இடமாக நினைக்காதீர்கள். அங்கே பேசுவது வெளியே போகாது, உங்களுக்கு எதிராகப் பயன்படுத்தவும் முடியாது. எங்கள் வழக்கு முடிந்ததே அந்த மேஜையில்தான். அவருக்கும் வேறு குடும்பம் ஆகிவிட்டிருந்தது, அந்தச் சிக்கல் அவர் கழுத்திலும் இருந்தது. நாலாவது அமர்வில் ஒத்துக்கொண்டார், வழக்கைப் பரஸ்பர சம்மதமாக மாற்றினோம், 6 மாதக் காத்திருப்பும் தள்ளுபடி ஆனது.

குறுக்கு விசாரணையில் தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், கேட்டதற்கு மட்டும் பதில். கூண்டில் நின்று அழுகை வந்தால் வரட்டும், நீதிபதி தண்ணீர் குடிக்க நேரம் கொடுப்பார். கேட்டால் மூடிய அறையில்தான் விசாரிப்பார்கள், ஊரெல்லாம் கேட்கும் என்று பயப்பட வேண்டாம்.

பணம்

இந்தியாவில் விவாகரத்து ஆனால் கணவர் சொத்தில் பாதி மனைவிக்கு என்று ஒரு சட்டமும் இல்லை, சினிமாவில் பார்த்ததை மறந்துவிடுங்கள். இருப்பது ஜீவனாம்சம், ஒரே தொகையாக நிரந்தர ஜீவனாம்சம், சீதனத்தைத் திரும்பப் பெறும் உரிமை, உங்கள் பணம் போட்டு வாங்கிய சொத்தில் பங்கு கேட்கும் சிவில் வழக்கு. வீட்டில் உழைத்த மனைவியின் உழைப்பும் சொத்து வாங்கியதில் பங்களிப்புதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் ஒரு வழக்கில் சொல்லிப் பாதிப் பங்கு கொடுத்தது. அருமையான தீர்ப்பு, ஆனால் அதைக் காட்டினால் தானாகப் பங்கு வந்துவிடாது, தனி வழக்கில் நிரூபிக்க வேண்டும்.

மாதாமாதம் வரும் ஜீவனாம்சத்துக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு என்று எல்லாரும் சொல்வார்கள், 2024 ஜூலை 1லிருந்து அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 144ஆவது பிரிவு. எந்த மதத்தவரும் கேட்கலாம், விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதி செய்தது. விவாகரத்து வழக்கு நடக்கும்போதே இந்து திருமணச் சட்டத்தின் 24ஆவது பிரிவில் இடைக்கால ஜீவனாம்சம், அதைச் சம்பாத்தியம் இல்லாத கணவரும் மனைவியிடம் கேட்கலாம். உச்ச நீதிமன்றத்தின் 2020 நவம்பர் தீர்ப்புக்குப் பிறகு இரண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும், மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்காகும். கையில் வரும் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமாக இருக்கும் என்று 2017ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எல்லாரும் சொல்லித் திரிவார்கள், அது கட்டாயக் கணக்கு இல்லை. படித்திருக்கிறாய், வேலைக்குப் போகலாமே என்று எதிர்த்தரப்பு கேட்டால், வேலைக்குப் போகும் தகுதி வேறு, இப்போது சம்பாதிப்பது வேறு என்று வக்கீல் பதில் சொல்வார். ஆனால் சம்பளம் வருவதை மறைக்காதீர்கள், பி.எஃப். கணக்கு ஒன்று போதும் மாட்டிக்கொள்ள.

உத்தரவு போட்டும் தராமல் இருந்தால் நிறைவேற்ற மனு போடுங்கள். பாக்கி விழுந்து 1 வருஷத்துக்குள் 144ஆவது பிரிவில் வாரண்ட் கேட்க வேண்டும், "பாவம், அடுத்த மாதம் தருவார்" என்று இரண்டு வருஷம் விட்டால் பழைய பாக்கியை அந்த வழியில் வசூலிக்க முடியாமல் போகும்.

அக்கா ஸ்டாம்ப் பேப்பரில் ஜீவனாம்சமே கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தாளே, அது குழந்தையைக் கட்டுப்படுத்தவில்லை. பிள்ளையின் உரிமையைத் தாய் எழுதிக் கொடுத்துவிட முடியாது. மகளுக்கு மாதாமாதம் தொகை உத்தரவானது.

பிள்ளைகள்

5 வயதுக்குள் இருக்கும் குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டு இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் சொல்கிறது. அதற்கு மேல் அம்மாவா அப்பாவா என்று விதி ஒன்றும் இல்லை, குழந்தையின் நலன்தான் அளவுகோல். சம்பாதிக்காத அம்மா என்பதால் குழந்தை கைவிட்டுப் போய்விடாது. அப்பாக்களும், தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல், வழக்கு நடக்கும்போதே பிள்ளையைப் பார்க்க இடைக்கால மனு போடுங்கள். பள்ளி வாசலில் போய்த் தூக்கிக்கொண்டு வருவது, பார்க்க விடாமல் ஒளித்து வைப்பது, இரண்டுமே நீதிபதியின் பார்வையில் உங்களைத்தான் கீழே இறக்கும். கோர்ட் வளாகத்தில் ஒரு மணி நேரம் பார்க்க வரும் அப்பாவின் மடியில் உட்காரத் தயங்கும் குழந்தைகளைப் பார்க்க எனக்கு நெஞ்சு அடைக்கும். அப்பாவைப் பற்றி அம்மாவும், அம்மாவைப் பற்றி அப்பாவும் குழந்தை முன்னால் ஒரு வார்த்தை தப்பாகப் பேசாதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

போலீஸ் புகார்

வரதட்சணைக் கொடுமை, அடி உதை உண்மையில் நடந்திருந்தால் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள், பழைய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு இப்போது பி.என்.எஸ். 85, 86. மனு ஏற்பு ரசீது வாங்காமல் வராதீர்கள், அடி பட்டிருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டி விபத்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள். நடக்காததை எழுதாதீர்கள், நாத்தனார், அவள் கணவர், வெளிநாட்டில் இருக்கும் கொழுந்தன் என்று எல்லாப் பெயரையும் சேர்க்காதீர்கள். குறுக்கு விசாரணையில் ஒரு பொய் உடைந்தால் பக்கத்தில் இருக்கும் பத்து உண்மையும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும், பொய்ப் புகார் கொடுத்தது என்று நிரூபணமானால் அதுவே கொடுமை என்று எதிர்த்தரப்புக்கு விவாகரத்துக்கு வழியாகும். புகார் வந்த ஆண்கள் ஓடி ஒளிய வேண்டாம், உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்புக்குப் பிறகு விசாரிக்காமல் நேராகக் கைது செய்யக் கூடாது. அழைப்பாணை வந்தால் வக்கீலோடு ஆஜராகுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்குச் சுருக்கமாக: இங்கே இந்து முறையில் மணந்து, அங்கே கோர்ட்டில் ஒருவர் மட்டும் போய் வாங்கிய விவாகரத்து இங்கே பெரும்பாலும் செல்லாது. இருவரும் ஏற்று, நம் சட்டத்தில் உள்ள காரணத்துக்காகக் கொடுத்ததாக இருந்தால்தான் செல்லும் என்று 1991ல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. ஆன்லைனில் அங்கே முடித்துவிட்டு இங்கே வந்து பெண் பார்க்காதீர்கள்.

தீர்ப்பு வந்த பிறகு

சான்றிட்ட நகலுக்கு அன்றைக்கே மனு போடுங்கள், இரண்டு மூன்று செட் வாங்குங்கள். எதிர்த்து நடந்த வழக்கென்றால் மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை மறுமணம் கூடாது. 90 நாள் தாண்டி, மேல்முறையீடு எதுவும் போடப்படவில்லை என்று கோர்ட்டில் பார்த்துவிட்டு நாள் குறிப்பதுதான் நல்லது. பரஸ்பர சம்மதத் தீர்ப்புக்கு இவ்வளவு காத்திருக்க வேண்டுமா என்பதை உங்கள் வக்கீல் தீர்ப்பைப் பார்த்துச் சொல்வார்.

அப்புறம் ஒரு நாள் லீவு போட்டு வரிசையாக முடியுங்கள்: பி.எஃப்., எல்.ஐ.சி., வங்கி, கம்பெனி இன்ஷூரன்ஸ் எல்லாவற்றிலும் நாமினி பெயரை மாற்றுங்கள், கூட்டு வங்கிக் கணக்கையும் கூட்டு லாக்கரையும் மூடுங்கள், ரேஷன் கார்டில் பெயரை நீக்கிப் புதுக் கார்டுக்கு விண்ணப்பியுங்கள், பாஸ்போர்ட்டில் துணையின் பெயர் இருந்தால் மாற்றுங்கள். அக்கா எல்லாவற்றையும் மாற்றிவிட்டு பி.எஃப். நாமினியை மட்டும் மறந்திருந்தாள், போன மாதம்தான் கண்டுபிடித்து மகள் பெயரைப் போட்டோம்.